அழாத குழந்தைக்கு முதல் பரிசு

சாகக் கிடந்த ஒரு குழந்தையைப் பார்த்து, 'இந்த வட்டாரத்திலேயே ஆரோக்கியமான குழந்தை இதுதான்' என்று தீர்ப்புச் சொல்லி, அதன் கழுத்தில் மாலை போட்டு, பால் புகட்ட ஒரு வெள்ளிப் பாலாடை பரிசும் கொடுத்தவன் நான். அன்றைக்குக் குடித்திருந்தேனா என்றால், ஒரு டம்ளர் காப்பிதான். கண் தெரியாதா என்றால், அப்போது எனக்கு மூக்குக் கண்ணாடிகூடத் தேவைப்படவில்லை. படித்திருந்தேன், அவ்வளவுதான்.

இது நடந்தது முப்பதுகளின் நடுவில், துறையூருக்கு அப்பால், பச்சைமலை அடிவாரத்தில். நான் அப்போது ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் குடியிருந்தேன். திருச்சியில் ஒரு ஹைஸ்கூலில் இங்கிலீஷ் வாத்தியார் வேலை. கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. ஆகவே குழந்தை வளர்ப்பைப் பற்றி எனக்கு மிகவும் உறுதியான அபிப்பிராயங்கள் இருந்தன.

அந்த அபிப்பிராயங்கள் எல்லாம் ஒரு புத்தகத்திலிருந்து வந்தவை. சென்னைப் பட்டணத்தில் பழைய புத்தகக் கடை ஒன்றில் வாங்கினேன். சீமையில் அச்சானது, கெட்டி அட்டை, உள்ளே வழவழவென்று ஒரு படம். படத்தில் ஒரு குழந்தை. உப்பிய கன்னம், பொன்னிறத் தலைமுடி, கணுக்காலில் ஆழமான மடிப்பு, உலகத்தில் எதைப் பற்றியும் புகார் இல்லாத ஒரு பார்வை. எதிர்ப்பக்கத்தில் எத்தனை மாதத்துக்கு எத்தனை ராத்தல் எடை இருக்க வேண்டும் என்று ஒரு அட்டவணை. அதை நான் மனப்பாடம் செய்திருந்தேன். ஸ்ரீரங்கம் வாசகசாலையில் 'சிசு பரிபாலனம்' என்று ஒரு பிரசங்கம்கூடச் செய்தேன். கேட்க வந்தவர்கள் எல்லோரும் பென்ஷன்காரர்கள். இனிமேல் சிசுவைப் பரிபாலிக்கும் உத்தேசம் அவர்களில் யாருக்கும் இல்லை. அதனால் யாரும் ஆட்சேபிக்கவில்லை. பலமாகக் கை தட்டினார்கள்.

அந்தக் கைத்தட்டல் எப்படியோ துறையூர் வரைக்கும் கேட்டுவிட்டது. அப்போதெல்லாம் ஊர்ப் பிரமுகர்கள் சேர்ந்து குழந்தைகள் கண்காட்சி என்று ஒன்று நடத்துவார்கள். கிராமத்துத் தாய்மார்களைக் கூப்பிட்டு, குழந்தைகளை எடைபோட்டு, நன்றாக வளர்ந்திருக்கும் குழந்தைக்குப் பரிசு கொடுப்பது. அதைப் பார்த்து மற்றவர்களும் தங்கள் குழந்தைகளை நன்றாக வளர்ப்பார்கள் என்பது எண்ணம். வளர்க்க வழியில்லாதவர்கள் எதைப் பார்த்து வளர்ப்பார்கள் என்று கமிட்டியில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை. எழுத்து வேலைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று அழைத்தார்கள். குழந்தைகளைப் பரிசோதிக்கத் திருச்சியிலிருந்து ஒரு டாக்டரும் நர்ஸும் வருவதாக ஏற்பாடு.

தை மாதம். நான் முதல் நாளே போய்த் தங்கிவிட்டேன். காலையில் அடிவாரத்துப் புளியந்தோப்புக்குப் போனபோது பனி விலகவில்லை. மலை இருக்க வேண்டிய இடத்தில் மலையைக் காணோம். வெள்ளையாக ஏதோ ஒன்று மூச்சுவிட்டுக்கொண்டு நின்றது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒவ்வொருத்தியாக, இடுப்பில் குழந்தையோடு, பெண்கள் வெளிப்பட்டார்கள். கால்கள் தெரியாது, முதலில் ஒரு முகம், பிறகு ஒரு சின்ன முகம், பிறகு சேலையின் நிறம். நடந்து வருவதாகவே தோன்றவில்லை, மிதந்து வந்தார்கள். எங்கோ ஒரு மாட்டின் மணி கேட்டது, மாடு தெரியவில்லை. அவ்வளவு அழகான ஒரு காலை நேரத்தில் மனிதன் தப்புச் செய்வான் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

மணி ஒன்பதாகியும் டாக்டர் வரவில்லை. நர்ஸும் வரவில்லை. திருச்சி பஸ் வழியில் எங்கோ படுத்துவிட்டது என்று தகவல் வந்தது. குழந்தைகள் அழ ஆரம்பித்தன. கமிட்டிக் காரியதரிசி ஒரு பருத்தி வியாபாரி. தராசும் அவர் மண்டியிலிருந்து வந்ததுதான். பருத்தி மூட்டை ஏறும் தட்டில் ஒரு பிரம்புக் கூடையை வைத்திருந்தார். அவர் என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஸாருக்குத்தான் எல்லாம் தெரியுமே, ஆரம்பித்துவிடலாமே என்றார். மறுக்க வேண்டிய நேரம் அது. நான் கழுத்தில் கிடந்த அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டேன்.

முதலில் எடையைச் சத்தமாகப் படித்தேன். அதுவே பெரிய அபசாரமாகிவிட்டது. எண்ணைக் கேட்ட தாய் திடுக்கிட்டுக் குழந்தையைப் பறித்துக்கொண்டு, காலடி மண்ணை எடுத்துச் சுற்றித் துப்பினாள். அடுத்தவள் என்னிடம் ரகசியமாக, கண்ணு பட்டுரும் சாமி, ரெண்டு ராத்தல் கொறைச்சுச் சொல்லுங்க என்று கேட்டுக்கொண்டாள். அதற்கப்புறம் வாயைத் திறக்காமல் எழுத ஆரம்பித்தேன். எடை, முடி, தோல், குணம் என்று நாலு தலைப்பு. தலைப்புக்கு இருபத்தைந்து மார்க். ஒரு குழந்தை கூடையை உதைத்துக் கவிழ்த்தது. ஒன்று என் பேனாவைப் பிடித்து இழுத்தது. ஒன்று என் மார்க் தாளின் மேலேயே தன் அபிப்பிராயத்தைத் தெரிவித்தது. குணத்தில் எல்லோருக்கும் மார்க் குறைந்துகொண்டே போயிற்று.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். இருபது இருபத்திரண்டு வயது இருக்கும். ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. கூடையில் வைத்தாள், குழந்தை அழவில்லை. தட்டு ஆடியது, அழவில்லை. என் புத்தகத்தில் இருந்த குழந்தை படத்தை விட்டு இறங்கிப் பச்சைமலை அடிவாரத்துக்கு வந்துவிட்டதோ என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. அதே உப்பிய கன்னம். முடி கறுப்பாக இல்லை. செம்பட்டையாக, வெயில் பட்ட இடத்தில் பொன் மாதிரி. நிறம்கூட அம்மாவைவிட வெளுப்பு. காலில் ஒரு காப்பு. அது சதைக்குள் அழுந்தி, படத்தில் இருந்த மாதிரியே ஒரு மடிப்பு. எதுவும் வேண்டாம், எதுவுமே எனக்கு வேண்டியதில்லை என்கிற மாதிரி ஒரு பார்வை. ஆழ்வார்கள் பாடிய வைராக்கியம் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். எடையும் அட்டவணைக்குச் சரியாக இருந்தது. அன்றைக்கு அட்டவணையோடு ஒத்துப்போன குழந்தை அது ஒன்றுதான்.

அவள் என்னிடம் என்னவோ சொன்னாள். நான் எழுதிக்கொண்டிருந்தேன். மறுபடியும் சொன்னாள்.

"நடந்துக்கிட்டிருந்த புள்ளைங்க சாமி. இப்ப உக்காந்துருச்சு."

கொழுத்த குழந்தைகள் நடக்கத் தாமதமாகும் என்று புத்தகத்தில் எழுபத்தோராம் பக்கத்தில் இருந்தது. அதைச் சொல்லி அவளுக்குத் தைரியம் கொடுத்தேன். டாக்டரம்மா வருவாங்கன்னு சொன்னாங்களே என்று கேட்டாள். வருவார்கள், அதற்குள் பரிசை வாங்கிக்கொள் என்றேன். மாலையைப் போட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். மற்றத் தாய்மார்கள் எல்லாம் தங்கள் குழந்தையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை விழுந்தாலே மண்ணை எடுத்துச் சுற்றினார்களே, இவள் மட்டும் ஒன்றும் செய்யவில்லை. குழந்தையையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். ஒருவேளை நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோமோ என்று தன்னையே கேட்டுக்கொண்ட பார்வை அது என்று பிற்பாடு புரிந்தது. இரண்டு மாதக் கைக்குழந்தையை அண்டை வீட்டில் விட்டு வந்திருந்தாளாம். மார்பு கட்டிக்கொண்டது என்று யாரிடமோ சொல்லிவிட்டு, பகல் உச்சிக்கு முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டாள்.

பகல் இரண்டு மணிக்கு நர்ஸம்மா மட்டும் வந்து சேர்ந்தார். டாக்டர் பஸ்ஸோடு நின்றுவிட்டாராம். நாற்பது வயதுக்குமேல் இருக்கும். வெள்ளைப் புடவை முழங்கால் வரை செம்மண். தண்ணீர் குடித்துவிட்டு, என் மார்க் தாளை எடுத்து முதல் பரிசு யாருக்கு என்று பார்த்தார். அதில் நான் எழுதியிருந்த குறிப்புகளை வாய்விட்டுப் படித்தார். முடி பொன்னிறம். தோல் வெளுப்பு. கணுக்காலில் அழகிய மடிப்பு. குணம் மிக உயர்வு. கடைசிவரை அழவே இல்லை.

மறுபடி ஒருமுறை மௌனமாகப் படித்தார். தோல் எங்காவது உரிந்திருந்ததா என்று கேட்டார். தொடையில் கொஞ்சம் இருந்தது, வெயில் என்று நினைத்தேன் என்றேன். காலை விரலால் அழுத்திப் பார்த்தீங்களா என்றார். புத்தகத்தில் அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்று பதில் சொன்னேன். உண்மையாகவே அப்படித்தான் சொன்னேன்.

"சார், நீங்க பரிசு குடுத்தது வீக்கத்துக்கு," என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "உள்ளே குழந்தை எலும்பா இருக்கும். அழறதுக்குக்கூடத் தெம்பில்ல அதுக்கு. இப்படியே விட்டா மாசிகூடத் தாண்டாது."

காரியதரிசியின் வில்வண்டியில் அவரும் நானும் கிளம்பினோம். ஊர்ப் பெயரை மட்டும் எழுதியிருந்தேன். அந்த ஒரு காரியத்தையாவது சரியாகச் செய்திருந்தேன். இருபுறமும் சாமை அறுத்த கொல்லைகள். பனி போய், மலை இப்போது ரொம்பப் பக்கத்தில், தொட்டால் ஈரமாக இருக்கும் போலத் தெரிந்தது. வண்டி போகப் போக மலையும் கூடவே வந்தது. நர்ஸம்மா வழியில் கொஞ்சமாகத்தான் பேசினார். இதற்குக் கிராமத்தில் சவலை என்று பெயராம். அடுத்தது வயிற்றில் தங்கியதும் மூத்ததுக்குப் பால் மறக்கடித்துவிடுவார்கள். அதற்கப்புறம் அதற்குக் கஞ்சித் தண்ணிதான். வயிறு ரொம்பும், உடம்பு ரொம்பாது என்றார். நான் மடியில் இருந்த புத்தகத்தை மெதுவாக வண்டியின் வைக்கோலுக்கு அடியில் தள்ளினேன். அவர் அதைப் பார்த்தார். பார்க்காத மாதிரி மலையைப் பார்த்தார்.

அந்த வீட்டு வாசலில் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். பாலாடை கைமாறிக் கைமாறிப் போய்க்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அவளுடைய புருஷன் ஓடி வந்து கும்பிட்டான். மலையில் மூங்கில் வெட்டப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தான். இந்த ஊருக்கு இதுவரைக்கும் ஒரு பரிசு வந்தது கிடையாது என்றான். நர்ஸம்மா விஷயத்தைச் சொல்லி, குழந்தையை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக வேண்டும் என்றதும், அவன் முகம் மாறியது. கூடியிருந்தவர்களில் ஒருவர், பரிசு வாங்கின புள்ளைக்கு என்னம்மா நோவு என்று கேட்டார். பட்டணத்து ஆஸ்பத்திரியில் குழந்தையை அறுத்துப் பார்ப்பார்கள் என்று இன்னொருவர் சொன்னார். புருஷன் நர்ஸம்மாவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"காலையில நீங்கதானுங்களே நல்லாருக்குன்னு சொன்னீங்க? ஊரே கேட்டுச்சு."

எனக்கு அப்போது ஏகப்பட்ட வார்த்தைகள் தெரியும். இரண்டு பாஷையில் தெரியும். சமாளிப்பதற்கு இரண்டு பாஷையிலும் வார்த்தை இருந்தது. காலையில் பூர்வாங்கப் பரிசோதனைதான், இப்போது விசேஷப் பரிசோதனை என்று ஆரம்பிக்கக்கூட வாய் எடுத்தேன். அப்போது வாசற்படியில் அந்தக் குழந்தை உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மாலை இன்னும் கழுத்தில் இருந்தது. ஒரு கோழி வந்து அந்த மாலையைக் கொத்தியது. குழந்தை கோழியைத் தள்ளவில்லை. முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

"நான் டாக்டர் இல்லை," என்றேன். "காலையில் சொன்னது தப்பு. எனக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது."

அந்த மூன்று வாக்கியங்களுக்கு யாரும் கை தட்டவில்லை. நர்ஸம்மா குனிந்து, குழந்தையின் புறங்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். பிசைந்த மாவில் அழுத்தின மாதிரி குழி விழுந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். குழி அப்படியே இருந்தது. புருஷன் தானும் ஒரு விரலை வைத்து அழுத்தினான். பக்கத்தில் இன்னொரு குழி.

உள்ளே கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த அவள், அதைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அவளுக்குக் குழியைப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"தெனமும் அமுக்கிப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்," என்றாள். "அதைச் சொல்லத்தானே ஆறு கல் நடந்து வந்தேன். சாமி எழுதிக்கிட்டே இருந்தாங்க."

அப்புறம் புருஷனிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், ஒரு பழைய சேலையை மூட்டை கட்டிக்கொண்டு, கைக்குழந்தையோடு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். அவன் குழந்தையைத் தூக்கிக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தான்.

மறுநாள் முதல் பஸ்ஸில் திருச்சி. அதற்குப் பிறகு வந்த நாட்கள் எனக்கு நாட்களாக ஞாபகமில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் ஆஸ்பத்திரி. அங்கிருந்து காவிரிப் பாலத்தின் மேல் ஜட்காவில் ஸ்ரீரங்கம். நீளமான வார்டு, உயரமான ஜன்னல்கள், சாயங்கால வெயில் கட்டில் கட்டிலாக நடந்துபோய்க் கடைசிக் கட்டிலில் உட்காரும். அந்தக் கட்டிலில்தான் அவர்கள். மணிக்கொரு தரம் தண்ணீர் கலந்த பால், மோர், பிறகு பயத்தங்கஞ்சி. கஞ்சியை என் மனைவி வீட்டில் செய்து கூஜாவில் கொடுத்தனுப்பினாள். விஷயத்தைக் கேட்டபோது அவள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. வாசகசாலைப் பிரசங்கத்தைப் பற்றியும் அதற்கப்புறம் அவள் என்றைக்கும் பேச்செடுக்கவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

நான்காம் நாளிலிருந்து குழந்தை வற்றத் தொடங்கியது. தை போய் மாசியில் காவிரி வற்றுகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக, ஓசையில்லாமல். முதலில் கன்னம் போயிற்று. பிறகு நான் மார்க் போட்ட மடிப்பு போயிற்று. காப்பு தானாகக் கழன்று கட்டிலில் கிடந்தது. நீருக்கு அடியில் மணல் திட்டுத் தெரிவது போல, உப்பலுக்கு அடியிலிருந்து ஒரு சின்னஞ்சிறு குழந்தை தெரிய ஆரம்பித்தது. விலா எலும்பை எண்ணலாம். எடை இறங்கிக்கொண்டே போனது. எனக்குப் பயம் வந்து நர்ஸம்மாவிடம் ஓடினேன். எடை இறங்குகிறதே, அட்டவணைப்படி பார்த்தால் என்று ஆரம்பித்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இப்பத்தான் சார் நெஜ எடை தெரியுது, இனிமே ஏறுறதுதான் வளர்த்தி என்றார்.

அந்த நிஜ எடையைப் பார்த்த அன்றைக்கு ராத்தல் கணக்கெல்லாம் எனக்கு மறந்து போயிற்று. இவ்வளவுதானா, இவ்வளவைத்தானா நான் அன்றைக்குத் தராசில் வைத்துப் பார்த்தேன் என்று இருந்தது. ஒரு இரவல் உடம்புக்குள் ஒளிந்துகொண்டு அது அத்தனை நாள் உட்கார்ந்திருந்திருக்கிறது. நான் அந்த இரவல் உடம்போடு பேசிவிட்டு வந்திருக்கிறேன்.

ஒரு சாயங்காலம் நான் கூஜாவோடு வார்டுக்குள் நுழையும்போது ஓர் அழுகைச் சத்தம் கேட்டது. வார்டில் எப்போதும் பத்துக் குழந்தைகள் அழும். இது புதுக் குரல். மெல்லிய, கரகரத்த, வெகுநாள் திறக்காத கதவைத் திறந்த மாதிரி ஒரு சத்தம். கடைசிக் கட்டிலைச் சுற்றி நர்ஸுகள், ஆயாக்கள், பக்கத்துக் கட்டில் தாய்மார்கள் எல்லோரும் நின்றுகொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா தம்பியைத் தூக்கி மார்பில் வைத்தாளாம். இவளுக்குக் கோபம் வந்துவிட்டதாம். முகம் சிவந்து, காலை உதைத்து, ஊரையே கூப்பிட்டு நியாயம் கேட்பது போல அழுதாள். அவள் அம்மாவும் அழுதாள். சிரித்துக்கொண்டே அழுதாள். ஜன்னல் வெயில் அந்தக் கட்டிலின் மேல் இருந்தது. நான் கூஜாவைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. என் ஆயுளில் எத்தனையோ கச்சேரி கேட்டிருக்கிறேன். எழுந்து வர மனமில்லாமல் நின்றது அந்த ஒரு தடவைதான்.

இரண்டு நாளைக்கெல்லாம் சிரித்தாள். பங்குனி முடிவதற்குள், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பயறும் நிலக்கடலையும் எப்படி அரைத்துக் கொடுப்பது என்று நர்ஸம்மா சொல்லிக் கொடுத்து அவர்களை ஊருக்கு அனுப்பினார். பின்னால் எங்களுக்கும் இரண்டு குழந்தைகள் பிறந்தன. இரண்டும் பொறுக்க முடியாதபடி அழுதன. தூக்கம் கெட்ட ஒவ்வொரு விடியற்காலையிலும் அந்தக் கடைசிக் கட்டிலை நினைத்துக்கொண்டு, முழு மார்க் போட்டேன். ஒரு தாய் இரண்டாம் தடவையாக ஒன்றைச் சொல்ல வரும்போது, கையில் இருக்கிற பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும் என்பது தவிர, குழந்தை வளர்ப்பைப் பற்றி இன்றைக்கு எனக்கு வேறு அபிப்பிராயமே கிடையாது.

இதை இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, ஓர் ஆடிப்பெருக்கு அன்று, அம்மா மண்டபத்துப் படித்துறையில் ஸ்நானம் செய்துவிட்டு ஈர வேஷ்டியோடு, மேலுக்கு ஒன்றுமில்லாமல், நாமம் இட்டுக்கொண்டு நின்றேன். கரை வழிய வெள்ளம். பெண்கள் விட்ட பூவும் காதோலையும் கண்ணுக்கு எட்டிய மட்டும் மிதந்து போய்க்கொண்டிருந்தன. சாமீ என்று ஒரு குரல். திரும்பினால் அவள்தான். பக்கத்தில் எட்டு ஒன்பது வயதுப் பெண். ஒல்லியாக, உயரமாக, எண்ணெய் வழிய வாரிப் பின்னின கருகருவென்ற சடை. அதில் செம்பட்டையின் சுவடே இல்லை. உன் உயிரைக் காப்பாற்றினவர் இவர்தான் என்று சொல்லப் போகிறாள், நாம் அடக்கமாக மறுக்க வேண்டும் என்று தயாராக நின்றேன்.

"உன் காலு வீங்கிக் கெடக்கையில, நல்லா இருக்குன்னு பரிசு குடுத்தாங்கன்னு சொல்லுவேன்ல, அந்தச் சாமி இவுங்கதான்," என்றாள்.

பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் பார்வை என் தொந்தியில் வந்து நின்றது. வெகுநேரம் நின்றது.

"இவுங்களுக்கும் வீக்கமாம்மா?" என்று கவலையோடு கேட்டாள்.

தாய் ஒரு முறை நிதானமாகப் பார்த்தாள்.

"இல்லடி. அது சோறு."